ஜாவாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

கேள்வி: "மதுரை இலந்தைக்குளம் எல்காட் பூங்காவில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரிகளுக்கு பில்லிங், சரக்கிருப்பு மென்பொருள் எழுதித் தருகிறோம். எல்லாமே ஜாவா என்ற நிரல்மொழியின் 8-ஆம் பதிப்பில். அதை வைத்திருக்கும் ஆரக்கிள் நிறுவனம் இனி ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்கும் என்கிறார்கள். முதலாளி வேறு மொழிக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறார். ஜாவா உண்மையில் யாருடையது? நாளைக்கு ஆரக்கிள் கைவிட்டால் எங்கள் கதி என்ன?"

முதலாளிக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மொழியை மாற்ற வேண்டாம். ஜாவாவைப் பயன்படுத்துவதற்கு ஆரக்கிளுக்குப் பணம் கட்டியே தீர வேண்டும் என்ற நிலையும் இல்லை. ஆனால் உங்கள் வாடிக்கையாளர்களின் கடைக் கணினிகளில் எந்த ஜேடிகே (ஜாவாவை ஓட்டும் மென்பொருள் தொகுப்பு) நிறுவப்பட்டிருக்கிறது என்பதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ஆரக்கிள் தன் சொந்த ஜாவா 8 பதிப்பை ஜனவரி 2019 வரைதான் வணிகப் பயன்பாட்டுக்கு இலவசமாகப் புதுப்பித்தது. அந்த ஏப்ரலில் வந்த 211-ஆம் புதுப்பிப்பு முதல் உரிமம் மாறியது. வீட்டுக்கும் மென்பொருள் எழுதிச் சோதிப்பதற்கும் இலவசம். கடையில் ஓட்டுவதற்குச் சந்தா. ஜனவரி 2023-இல் அந்தச் சந்தாவின் கணக்கு முறையும் மாறியது. எத்தனை கணினி என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நிறுவனத்தில் மொத்தம் எத்தனை ஊழியர் என்று எண்ணத் தொடங்கினார்கள். சிறிய நிறுவனங்களுக்கு ஆளுக்கு மாதம் 15 டாலர். ஜாவாவைத் தொடாதவரும் இந்தக் கணக்கில் உண்டு. 60 பேர் வேலை பார்க்கும் ஒரு மொத்தக் கடையில் கல்லாவில் இருப்பவர், மூட்டை இறக்குபவர், பகுதிநேரக் கணக்கர் எல்லோரையும் சேர்த்தால் மாதம் 900 டாலர் வரும். முதலாளியின் பயம் இங்கிருந்துதான் வருகிறது. அது நியாயமான பயமும்கூட.

வழி எளிது. அதே ஜாவா 8, எக்லிப்ஸ் அறக்கட்டளையின் டெமுரின், அமேசானின் கொரெட்டோ, அசூல் நிறுவனத்தின் ஜூலு போன்ற பெயர்களில் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லாம் ஓப்பன்ஜேடிகே என்ற ஒரே மூல நிரலிலிருந்து கட்டப்பட்டவை. உங்கள் மென்பொருளின் திரைகள் ஜாவாஎஃப்எக்ஸ் கொண்டு எழுதப்பட்டிருந்தால் மட்டும் கவனம் வேண்டும். ஆரக்கிளின் ஜாவா 8-இல் அது உள்ளேயே இருந்தது, டெமுரினில் இருக்காது. ஜூலுவிலும் பெல்சாஃப்டின் லிபரிக்காவிலும் அதைச் சேர்த்துக் கட்டிய வடிவங்கள் உண்டு, அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இணைய இணைப்பிலிருந்து மென்பொருளைத் தொடங்கும் வெப் ஸ்டார்ட் வசதி வழியாகத் திறப்பதாக இருந்தால் அதற்கும் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். ஜாவா யாருடையது என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. அந்தப் பெயரால் நாம் அழைப்பது மூன்று பொருள்களை. பெயர் ஒன்று, விதிமுறை ஒன்று, நிரல் ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி வரலாறு, தனித்தனி அதிகாரம். நாம் இதைக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறோம், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கிறோம்.

பெயர் ஆரக்கிளின் வணிகக்குறி. இதில் பங்காளி கிடையாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995-இல் ஜாவாவை அறிவித்தது. சன்னையே ஆரக்கிள் ஜனவரி 2010-இல் வாங்கி முடித்தபோது பெயரும் கைமாறியது. ஒரு பெயருக்கு என்ன பெரிய பலம் என்று நினைக்க வேண்டாம். நிறுவன மென்பொருள்களுக்கான ஜாவா இஇ பகுதியை 2017-இல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக ஆரக்கிள் அறிவித்தது. நிரல் போனது, ஆவணங்கள் போயின, பெயர் போகவில்லை. அது ஜகார்த்தா இஇ ஆனது. 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் தொகுப்புப் பெயர்களைத் தொடர்ந்து வளர்ப்பது பற்றி இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆகவே 2020-இன் இறுதியில் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் அவை எல்லாம் 'ஜகார்த்தா' என்று தொடங்கும்படி மாற்றப்பட்டன. உங்கள் மென்பொருள் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பின் 2-ஆம் பதிப்பில் இருந்தால், 3-க்கு மாறும் நாளில் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் இதைச் சந்திப்பீர்கள். உலகம் முழுவதும் எத்தனையோ பேர் கோடிக்கணக்கான வரிகளில் ஒரு சொல்லைத் தேடி மாற்றினார்கள். காரணம் தொழில்நுட்பம் இல்லை, வணிகக்குறி.

விதிமுறை என்பது ஜாவா எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைத்த ஒப்பந்தம். இதற்காக 1998-இல் ஜேசிபி என்ற அமைப்பைச் சன் தொடங்கியது. அதன் செயற்குழுவில் பெரிய நிறுவனங்களோடு லண்டன் ஜாவா சமூகம், பிரேசிலின் சோஜாவா போன்ற பயனர் குழுக்களும் இடம்பெற்று வாக்களித்திருக்கின்றன. மொழியையே மாற்றும் முன்மொழிவு என்றால் ஆரக்கிளின் ஆதரவு வாக்கு இல்லாமல் நிறைவேறாது. எனவே ஆரக்கிள் விரும்பாததை மற்றவர்கள் திணிக்க முடியாது. ஆனால் ஆரக்கிள் விரும்பியதை மற்றவர்கள் தடுத்த சம்பவம் உண்டு. நிரலைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துவைக்கும் ஜாவா 9-இன் மாடியூல் அமைப்பு மே 2017-இல் வாக்குக்கு வந்தபோது 13 பேர் எதிர்த்தும் 10 பேர் ஆதரித்தும் வாக்களித்தார்கள். ஐ.பி.எம்., ரெட் ஹேட் இரண்டும் எதிர்ப்பு அணியில் இருந்தன. பழைய நூலகங்கள் (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல்கள்) உடைந்துபோகும் என்பது முக்கியமான கவலை. அடுத்த சில வாரங்கள் பேச்சுவார்த்தையில் கழிந்தன, திருத்தங்கள் செய்யப்பட்டன, ஜூனில் நடந்த மறுவாக்கெடுப்பில் எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லை. ஜூலையில் வரவேண்டிய ஜாவா 9 செப்டம்பர் 21 அன்று வந்தது. இரண்டு மாதத் தாமதத்தில் உலகம் முழுவதும் எத்தனை பேருடைய தலைவலி குறைந்தது என்பதை, பழைய நூலகங்களைக் கட்டிக்கொண்டு வாழும் நாம்தான் நன்றாக அறிவோம்.

ஒருவர் எழுதிய ஜாவா உண்மையிலேயே விதிமுறைப்படி நடக்கிறதா என்று பார்க்க டிசிகே என்ற சோதனைத் தொகுப்பு இருக்கிறது. அதில் தேறினால்தான் அதை ஜாவாவுக்கு இணையானது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தச் சோதனையை யாருக்கு, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதில்தான் ஜாவா வரலாற்றின் கசப்பான சண்டை நடந்தது. அப்பாச்சி அறக்கட்டளை ஹார்மனி என்ற பெயரில் சொந்தமாக ஒரு திறந்த மூல ஜாவாவை எழுதியது. எங்கே பயன்படுத்தலாம் என்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் நிபந்தனையுடன்தான் சோதனை உரிமம் தருவோம் என்று சன் சொன்னது, பிறகு ஆரக்கிளும் அதையே சொன்னது. அக்டோபர் 2010-இல் ஐ.பி.எம். ஹார்மனியிலிருந்து விலகி ஓப்பன்ஜேடிகே பக்கம் வந்தது. அந்த டிசம்பரில் அப்பாச்சி செயற்குழுவிலிருந்தே வெளியேறியது. அடுத்த ஆண்டு ஹார்மனி மூடப்பட்டது. அப்பாச்சியின் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. திறந்த விதிமுறை என்று சொல்லிவிட்டு, அதைப் பின்பற்றியதை நிரூபிக்கும் வழியை மட்டும் பூட்டிவைப்பது சரியில்லை.

மூன்றாவது, நிரல். உங்கள் முதலாளி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். நவம்பர் 2006-இல் சன் நிறுவனம் ஜாவாவின் மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிபிஎல் 2 உரிமத்தில் திறப்பதாக அறிவித்து, நிரலை ஓட்டும் ஹாட்ஸ்பாட் இயந்திரத்தையும் கம்பைலரையும் வெளியிட்டது. மே 2007-இல் நூலகங்களும் வந்தன. 'கிளாஸ்பாத் விதிவிலக்கு' என்ற சலுகை சேர்ந்திருப்பதால், அதன்மீது நீங்கள் எழுதும் பில்லிங் மென்பொருளின் நிரலை யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத்துருக்களை வரைவது, ஒலி போன்ற சில பகுதிகள் வேறு நிறுவனங்களுக்குச் சொந்தமாக இருந்ததால் சன் அவற்றைத் திறக்க முடியவில்லை. ரெட் ஹேட் தொடங்கிய ஐஸ்டீ திட்டம் அந்த ஓட்டைகளை அடைத்தது. 2008-இல் ஃபெடோரா 9-இல் இருந்த அதன் வடிவம் டிசிகே சோதனையிலும் தேறியது. முழுக்க முழுக்கத் திறந்த நிரலால் ஆன ஜாவா அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. ஜிபிஎல் கீழ் ஒருமுறை வெளியிட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. ஆரக்கிள் நாளைக்கே கதவைச் சாத்தினாலும் இன்றுவரை வந்த நிரல் எல்லோரிடமும் இருக்கும்.

ஆனால் நிரல் இருந்தால் மட்டும் போதாது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களை நினைத்துப் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கும். கண்மாயில் தண்ணீர் நிற்குமா என்பது வரத்துக்கால்வாயைத் தூர்வாரியவர் யார், மடையைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பதைப் பொறுத்தது. ஜாவாவில் அந்த வேலையின் பெரும்பங்கை இன்றும் ஆரக்கிளின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களே செய்கிறார்கள். இதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. ஆரக்கிளைத் திட்டுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. கூகுள்மீது 2010-இல் தொடுத்த வழக்கு அந்தக் கோபத்துக்குத் தீனி போட்டது. ஆண்ட்ராய்டில் ஜாவா ஏபிஐயின் (ஜாவாவின் வசதிகளை நிரலிலிருந்து அழைக்கும் முறைகளின்) ஏறத்தாழ 11,500 வரிகளை எடுத்தாண்டதற்காகப் போட்ட வழக்கு அது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 2021-இல் 6-க்கு 2 என்ற கணக்கில், அது நியாயமான பயன்பாடுதான் என்று தீர்ப்பளித்தது. ஏபிஐ என்பது பலர் பேசிப் பழகிய பொது மொழி. அதற்கு வேலி போட முயன்றது தவறு என்பதே என் எண்ணமும். ஆனாலும் அதே ஆரக்கிள்தான், சன்னின் கடைசி ஆண்டுகளில் முடங்கிக் கிடந்த ஜாவாவை எழுப்பி நடக்கவைத்தது. ஜாவா 6 வந்தது டிசம்பர் 2006-இல்; அடுத்த பதிப்பு வந்ததோ ஜூலை 2011-இல். இன்றைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, மார்ச்சிலும் செப்டம்பரிலும், தவறாமல் வருகிறது.

அந்த ஒழுங்கு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தொழிலுக்கு அதிகம் பயன்படப்போவது இதுதான். முன்பெல்லாம் ஒரு பெரிய அம்சம் தயாராகும்வரை முழுப் பதிப்பும் காத்திருக்கும். மாடியூலுக்காக ஜாவா 9 காத்திருந்தது, செயற்கூறைச் சுருக்கமாக எழுதும் லாம்டா வசதிக்காக ஜாவா 8 காத்திருந்தது. செப்டம்பர் 2017-இல், ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்ட், இனி தேதிதான் நிலையானது, தயாரான அம்சம் ஏறிக்கொள்ளட்டும், தயாராகாதது அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கட்டும் என்று முன்மொழிந்தார். மார்ச் 2018-இல் வந்த ஜாவா 10 முதல் அப்படித்தான் நடக்கிறது.

ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் ஜெப் என்ற ஒரு முன்மொழிவு ஆவணம் உண்டு. என்ன மாற்றம், எதற்காக, வேறு எந்த வழிகளை யோசித்துப் பார்த்தோம், எது உடையக்கூடும் என்பதையெல்லாம் அதில் எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மொழியில் ஒரு புதிய அம்சம் வந்தால் முதலில் முன்னோட்டமாக வரும். வேண்டியவர் தனியாக இயக்கிப் பார்த்துக் குறை சொல்லலாம். அந்தக் குறைகள் காற்றில் போவதில்லை. பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் கூற்று ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் வசதி ஜாவா 12-இல் முன்னோட்டமாக வந்தபோது, மதிப்பைத் தருவதற்கு 'பிரேக்' என்ற பழைய சொல்லையே வைத்திருந்தார்கள். குழப்பமாக இருக்கிறது என்று பயன்படுத்தியவர்கள் சொன்னார்கள். ஜாவா 13-இல் அது 'ஈல்டு' ஆனது. 14-இல் அந்த வடிவமே நிலைபெற்றது. இன்னும் துணிச்சலான உதாரணம், வாக்கியத்துக்குள் மதிப்புகளைச் செருகி எழுதும் ஸ்டிரிங் டெம்ப்ளேட். ஜாவா 21-இல் முன்னோட்டமாக வந்தது, 22-இல் மறுபடியும் வந்தது. வடிவமைப்பு சரியில்லை என்று வடிவமைத்தவர்களுக்கே தோன்றியது. ஜாவா 23-இல் எடுத்துவிட்டார்கள். இத்தனை பேர் காத்திருந்த ஒன்றை, விளம்பரமும் ஆகிவிட்ட ஒன்றை, சரியில்லை என்று திரும்பப் பெற ஒரு முதிர்ச்சி வேண்டும். இந்த ஒரு முடிவுக்காகவே நான் அந்தக் குழுவை மதிக்கிறேன்.

எதையாவது நீக்குவது என்றால் இன்னும் பொறுமை காட்டுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு த்ரெட்டை (நிரலுக்குள் தனியாக நடக்கும் ஓர் ஓட்டத்தை) வெளியிலிருந்து நிறுத்தும் 'ஸ்டாப்' என்ற வசதி ஆபத்தானது, பயன்படுத்த வேண்டாம் என்று 1998-இல் வந்த 1.2 பதிப்பிலேயே எச்சரித்துவிட்டார்கள். அது உண்மையில் வேலை செய்யாமல் போனது மார்ச் 2023-இல், ஜாவா 20-இல். எச்சரிக்கைக்கும் செயலுக்கும் இடையே ஒரு தலைமுறையே வளர்ந்து வேலைக்கு வந்துவிட்டது.

இந்த வேலைக்குள் வெளியாட்கள் வர முடியுமா என்றால், முடியும். ஓப்பன்ஜேடிகேவில் ஐந்து பேர் கொண்ட ஆட்சிக்குழு இருக்கிறது. தலைவரையும் திட்டத் தலைவரையும் ஆரக்கிள் நியமிக்கிறது, துணைத்தலைவரை ஐ.பி.எம். நியமிக்கிறது, மற்ற இருவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்தக் குழுவுக்குத் தொழில்நுட்ப முடிவுகளில் நேரடி அதிகாரம் கிடையாது. உண்மையான செல்வாக்கு, தொடர்ந்து நல்ல திருத்தங்கள் அனுப்பி ஆத்தர், கமிட்டர், ரிவ்யூவர் என்று படிப்படியாக நம்பிக்கை பெற்றவர்களிடம் இருக்கிறது. வெளியாள் ஒருவரின் உழைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜாவாவின் தேதி நூலகமே சாட்சி. ஆரம்பகால 'டேட்' வகுப்பில் ஜனவரி பூஜ்யம், ஆண்டு 1900-இலிருந்து கணக்கு. இந்த அவதி தாங்காமல் ஸ்டீபன் கோல்போர்ன் என்ற பிரிட்டன்காரர் ஜோடா-டைம் என்ற தனி நூலகத்தை எழுதினார். உலகமே அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. பிறகு அவரே முன்னின்று நடத்திய விதிமுறைப் பணியின் வழியாக ஜாவா 8-இல் புதிய தேதி நூலகம் வந்தது. உங்கள் பில்லில் தேதி சரியாக விழுவதற்கு அவருக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

எல்.டி.எஸ். எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் பற்றி ஒரு தவறான எண்ணம் நம் ஊர் அலுவலகங்களில் பரவிக் கிடக்கிறது. 8, 11, 17, 21, 25 ஆகியவை மட்டுமே நல்ல பதிப்புகள், நடுவில் வருபவை அரைகுறை என்று பலரும் நினைக்கிறார்கள். நேர்முகத்தேர்வில்கூட இதைக் கேட்டிருக்கிறேன். ஓப்பன்ஜேடிகே எல்லாப் பதிப்புகளையும் ஒரே தரத்தில்தான் வெளியிடுகிறது. எல்.டி.எஸ். என்பது ஒரு விற்பனையாளர், இந்தப் பதிப்புக்கு நான் இத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தருவேன் என்று கொடுக்கும் வாக்கு. ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டவுடன் யாருடைய வாக்கு, எதுவரை என்ற இரண்டையும் கேளுங்கள். ஆரக்கிள் தன் ஜாவா 21-ஐ வணிகத்துக்கும் இலவசமாகத் தருகிறது. அதன் இலவசப் புதுப்பிப்பு செப்டம்பர் 2026 வரை, அடுத்த எல்.டி.எஸ். வந்து ஓராண்டு முடியும் வரை. ஜாவா 17-க்கு இதே முறையில் இலவசக் காலம் 2024-இல் முடிந்தது. தேதியைக் குறித்துவைக்காமல் தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகிறவர், தன்னை அறியாமல் கட்டண உரிமத்துக்குள் நுழைந்துவிடுவார். டெமுரின், கொரெட்டோ போன்றவற்றில் இந்தக் கண்ணி இல்லை.

நீங்கள் இன்றும் ஜாவா 8-இல் பாதுகாப்புத் திருத்தங்கள் பெறுவதும் ஒரு குழுவின் உழைப்பால்தான். 2019-இல் ஆரக்கிள் 8, 11 ஆகியவற்றின் பொதுப் பராமரிப்பிலிருந்து ஒதுங்கியபோது ரெட் ஹேட்டின் ஆண்ட்ரூ ஹேலி தலைமையில் அந்தப் பொறுப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு முறை திருத்தங்கள் வருகின்றன. புதிய பதிப்பில் செய்த திருத்தத்தைப் பழைய நிரலுக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டி, எதுவும் உடையாமல் சோதிப்பது புகழ் தராத வேலை. ஆரக்கிள் கைவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, ஒரு சிறிய அளவில் அது ஏற்கெனவே நடந்து, மற்றவர்கள் தாங்கிப் பிடித்த காட்சி இது.

இவ்வளவும் எங்கோ நடப்பவை, கீழமாசி வீதிக் கடைக்கு என்ன சம்பந்தம் என்று முதலாளி கேட்பார். நேராக பில்லுக்கு வருவோம். கடைகளில் ஓடும் ஜாவா மென்பொருள்களைப் பராமரிப்பதுதான் என் தொழில் என்பதால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஜாவா 8-இல் இந்திய ஆங்கில அமைப்பில் தொகையை அச்சிட்டால் முன்னால் ஆர்.எஸ். என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஒரு புள்ளியும் வரும். ஜாவா 9 முதல் நாடுவாரியான வழக்கங்களை யூனிகோட் கூட்டமைப்பின் சிஎல்டிஆர் தரவிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். அதில் ₹ குறி வருகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரு மளிகைக் கடையின் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அனுப்பப்பட்ட பழைய குறிமுறையில் (எழுத்துகளை எண்களாக மாற்றும் அட்டவணையில்) அந்தக் குறிக்கு இடமில்லை. இடமில்லாத எழுத்துக்கு ஜாவா கேள்விக்குறி போடும். துவரம்பருப்பு மூட்டைக்கு நேராக, தொகைக்கு முன்னால், ஒரு கேள்விக்குறி அச்சாகி வந்தது. வாங்க வந்த வியாபாரி இது உறுதியான விலைதானா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த மாற்றம் திடீரென்று வந்ததா என்றால் இல்லை. அது ஒரு ஜெப் ஆக எழுதப்பட்டு, 2017-இல் வெளியாகி, பழைய நடத்தைக்குத் திரும்ப ஒரு அமைப்பையும் கொடுத்திருந்தார்கள். ஜாவா 21-இல் அந்த அமைப்பைப் பயன்படுத்தினால் எச்சரிக்கை வந்தது. செப்டம்பர் 2024-இல் ஜாவா 23-இல்தான் அதை நீக்கினார்கள். ஏழு ஆண்டு அவகாசம். அதைப் படித்து வைத்திருந்த நிறுவனம் பிரிண்டருக்குப் போகும் இடத்தில் ஒரு வரியை மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கும்.

தமிழ் விஷயம் இன்னும் முக்கியம். ஜாவா 18 வரும்வரை, கோப்பைப் படிக்கும்போது எந்தக் குறிமுறை என்று நீங்கள் சொல்லாவிட்டால் கணினியின் குறிமுறையை ஜாவா எடுத்துக்கொள்ளும். நம் கடைகளின் விண்டோஸ் கணினிகளில் அது பெரும்பாலும் மேற்கத்திய எழுத்துகளுக்கானது. "சீரகம்" என்று யூனிகோடில் சேமித்த பொருள் பட்டியல், திரையில் கிறுக்கலாக வரும். மார்ச் 2022-இல் ஜாவா 18 முதல் யூனிகோடின் யுடிஎஃப்-8 குறிமுறைதான் இயல்பு என்று ஆக்கினார்கள். தமிழில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான மாற்றம் அண்மையில் வரவில்லை என்பேன். ஆனால் யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருக்களில் பட்டியல் வைத்திருக்கும் கடைகளும் இருக்கின்றன. அந்தக் கோப்புகள் 18-க்குப் பின் தடுமாறும். பழைய நடத்தையைத் தற்காலிகமாகத் திருப்பிக் கொண்டுவர, கோப்புக் குறிமுறைக்கான அமைப்பில் 'காம்பேட்' என்ற மதிப்பைக் கொடுக்கலாம். அதை வைத்துக் காலத்தை ஓட்டாமல், கோப்புகளை ஒரு தடவை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். 8-இலிருந்து 21-க்கோ 25-க்கோ போகும் உங்கள் பயணத்தில் அதிக நாள் எடுக்கப்போவது இந்த வேலைதான். மொழியின் புதிய சொற்களைக் கற்றுக்கொள்வது அதன் பக்கத்திலேயே வராது.

கடைசியாக, ஜாவா இன்னும் செய்து தராத ஒன்று. 1234567.50 என்ற தொகையை லட்சக் கணக்கில் 12,34,567.50 என்று அச்சிட, ஜாவாவின் சொந்த எண் வடிவமைப்பு வகுப்பான டெசிமல்ஃபார்மேட்டால் முடியாது. கடைசிக் காற்புள்ளிக்கும் முழு எண்ணின் முடிவுக்கும் இடையே எத்தனை இலக்கம் என்பதை மட்டும் அது பார்க்கும். அதையே இடப்பக்கம் முழுவதும் திருப்பிப் போடும். நீங்கள் இரண்டு இரண்டாகப் பிரித்து வடிவம் கொடுத்தாலும் 1,234,567.50 என்றே வரும். இது மறைவான பிழை இல்லை, ஆவணத்திலேயே அப்படித்தான் என்று எழுதியிருக்கிறது. அதனால் நாம் எல்லோரும் யூனிகோட் கூட்டமைப்பின் ஐசியு4ஜே நூலகத்தைச் சேர்த்துக்கொள்கிறோம், அல்லது அவரவர் ஒரு சின்னச் செயற்கூறு எழுதிக்கொள்கிறோம். மதுரையில் மட்டும் இந்தச் செயற்கூறு எத்தனை அலுவலகங்களில் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கும்! இந்தியாவில் இத்தனை லட்சம் பேர் ஜாவா எழுதுகிறோம், லட்சத்துக்குக் காற்புள்ளி போடும் வசதி ஜாவாவில் இல்லை. ஆரக்கிளின் கெட்ட எண்ணம் இதற்குக் காரணமில்லை. வேண்டும் என்று கேட்டு, நிரல் எழுதி, பழையது உடையாது என்று நிரூபித்து, மறுப்புகளுக்குப் பதில் சொல்லிக் கடைசிவரை நிற்பதற்கு நம்மில் போதுமான ஆட்கள் அங்கே போகவில்லை.

ஆகவே முதலாளியிடம் இப்படிச் சொல்லுங்கள். இந்த மாதம் எல்லாக் கடைகளிலும் ஜாவா 8-இன் இலவச வடிவம் ஒன்றுக்கு மாறுகிறோம். அடுத்து, ஒரு கடையை மட்டும் தேர்ந்தெடுத்து 21 அல்லது 25-இல் ஓட்டிப் பார்க்கிறோம். குறிமுறை, ரூபாய்க் குறி, ஜகார்த்தா பெயர் மாற்றம் என்ற வரிசையில் சோதிக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பின் ஜெப் பட்டியலை ஒருவர் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நீங்களாகவே இருங்கள், தம்பி.

லட்சக் காற்புள்ளியில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் அதற்கும் வழி சொல்கிறேன். ஓப்பன்ஜேடிகேவின் மூல நிரல் 2020 முதல் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கிறது. முதலில் டெசிமல்ஃபார்மேட் கோப்பைத் திறந்து, குழு அளவு ஒரே ஒரு எண்ணாக எங்கெல்லாம் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சேமித்துவைத்த பழைய ஜாவா ஆப்ஜெக்ட்களை மீண்டும் படிக்கும்போது அந்த எண் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். மறுப்பு முதலில் அங்கிருந்துதான் வரும். பிறகு பன்மொழி ஆதரவுக்கான குழுவிடம் உங்கள் யோசனையைச் சொல்லுங்கள். திருத்தம் அனுப்பும்முன் ஆரக்கிளின் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். உங்கள் நிரலின் உரிமை உங்களிடமும் இருக்கும், ஆரக்கிளிடமும் இருக்கும். நிறுவன நேரத்தில் எழுதினால் முதலாளியின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சோதனைக்கு உதாரணமாக நூறு, ஆயிரம், லட்சம், கோடி, எதிர்மறைத் தொகை எல்லாவற்றையும் கொடுங்கள். அச்சிட்டதைத் திரும்பப் படிக்கும்போது அதே எண் வருகிறதா என்ற சோதனையையும் சேர்த்து அனுப்புங்கள்.